ஊமைப் பெட்டி மீண்டும் பாடியது

நாவலூர் என்றதும் இன்று எல்லார் கண்முன்னும் நிற்பவை கண்ணாடி பதித்த உயரமான கட்டடங்களும் கணினி நிறுவனங்களுமே. பழைய மாமல்லபுரம் சாலை இன்று ராஜீவ் காந்தி சாலை. எங்கு திரும்பினும் கணினி, எவர் கையிலும் கைப்பேசி. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கணினிக்கெல்லாம் பாட்டனாகிய வால்வை மீண்டும் ஒளிரச் செய்ய அறிவியல் மன்ற மாணவியராகிய நாங்கள் ஒன்பது பேர் ஓராண்டு பாடுபட்டோம் என்றால் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் நகைக்கட்டும். நாங்கள் கற்றதைச் சொல்லிவிடுகிறோம்.

பெட்டியும் கேள்வியும்

எங்கள் பள்ளியின் இசை அறைக்குப் பின்னால் ஒரு சாமான் அறை உண்டு. உடைந்த பெஞ்சுகளை அகற்றும்போது அங்கே கனத்த மரப்பெட்டி ஒன்று அகப்பட்டது. ஒட்டுப்பலகையால் செய்து, மேலே கறுப்பு ரெக்சின் ஒட்டியிருந்தார்கள். முன்பக்கத் துணியை எலி கடித்திருந்தது. மூன்று குமிழ்கள், கிடார் செருகும் இரண்டு துளைகள். பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டுமே மீதி. பின்புறம் எட்டிப் பார்த்தால் துருப்பிடித்த தகடு. அதன்மேல் தூசி படிந்த ஐந்து கண்ணாடிக் குழல்கள்.

எங்கள் இல்லத்தின் மூத்த அருட்சகோதரி ஒருவரை அழைத்துக் காட்டினோம். பார்த்தவுடன் அவர் முகம் மலர்ந்தது. "அடடே, நம்ம கிடார் பெட்டியாச்சே! இது இன்னும் இருக்கா?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "வாசிக்கும்போது கம்பி சுருக்குன்னு கடிக்கும் பிள்ளைகளா. அதுக்காகவே காலுக்கு அடியில ஒரு பலகை போட்டுக்குவேன்" என்றார்.

நாங்களும் சிரித்தோம். எங்கள் இயற்பியல் ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. அதன் காரணம் எங்களுக்குப் பின்னரே விளங்கிற்று.

தேவாலயத்தில் கிடார் எப்படி வந்தது என்று இளைய வாசகியர் கேட்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதன்பின் தாய்மொழியில் திருப்பலி நடைபெறலாயிற்று. ஆர்கன் அல்லாத பிற கருவிகளுக்கும் வழி பிறந்தது. அக்கால இளம் சகோதரியர் கிடார் பயின்றது அந்தக் காற்று வீசிய பிறகுதான்.

பெட்டியை என்ன செய்வது? மூன்று கருத்துகள் எழுந்தன. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாம் என்றனர் சிலர். வெளிப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இக்காலச் சில்லு ஒன்றைப் பொருத்தலாம் என்றனர் சிலர். இருந்தபடியே சீர்செய்ய வேண்டும் என்றோம் நாங்கள். வழக்கு மதரிடம் சென்றது. மதர் இரண்டே நிபந்தனை விதித்தார். "ஒரு பிள்ளைக்கும் ஷாக் அடிக்கக் கூடாது. இல்லாத ஒன்றை இருந்ததுபோல் காட்டக் கூடாது."

கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. முதல் நிபந்தனை ‘மாற்று’ என்கிறது. இரண்டாவது ‘மாற்றாதே’ என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதே சீரமைப்புக் கலை என்பதை ஆண்டு முடியும்போதுதான் அறிந்தோம்.

எங்களுக்கு ஆசான் ஒருவர் வாய்த்தார். எங்களுள் ஒருத்தியின் தாத்தா. ரேடியோ பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். பெட்டியைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "பாப்பா, இதுல கை வைக்கிறதுக்கு முன்னால ஒரு கையைப் பின்னால கட்டிக்கணும்." இரண்டு கைகளும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்கும். ஒரு கையோடு நின்றால் அந்த வழி அடைபடும். மின்சாரம் கொடுத்துச் செய்யும் வேலை அனைத்தையும் தாத்தாவே செய்தார். நாங்கள் கையிட்டதெல்லாம் மின்சாரம் அற்ற பெட்டியில்தான்.

வால்வு என்பது யாது?

இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் 1904-இல் இரண்டு முனை வால்வை அமைத்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையைச் செருகினார். அதிலிருந்து பிறந்ததே ஒலியைப் பெருக்கும் கலை.

காற்று நீக்கிய கண்ணாடிக் குழல் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே ஒரு கேத்தோடு. அதன் உள்ளே இருக்கும் இழை 6.3 வோல்ட்டில் செந்நிறமாகச் சூடேற, கேத்தோடு எலக்ட்ரான்களை உமிழ்கிறது. வெளியே சுற்றி நிற்பது பிளேட். அதற்கு ஏறத்தாழ 300 வோல்ட். எலக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. இரண்டுக்கும் இடையே மெல்லிய கம்பிச் சுருள். அதன் பெயர் கிரிட். வாய்க்கால் மடையில் பலகையைச் சற்று ஏற்றி இறக்கினால் எவ்வளவு நீர் கூடிக் குறைகிறது! அதுபோலவே, கிடார் தரும் சிறு மின்னழுத்தம் கிரிட்டில் ஏறி இறங்க, பிளேட்டுக்குச் செல்லும் பெரிய மின்னோட்டம் அதே தாளத்தில் கூடிக் குறைகிறது. பெருக்கம் என்பது இதுதான்.

இவ்வாறு பெருக்கிய மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு நேரே கொடுக்க இயலாது. எங்கள் பெட்டியில் வால்வுகள் எதிர்பார்ப்பது 8,000 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டுக்கும் நடுவே தரகராக நிற்பது வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். 8,000-ஐ 8-ஆல் வகுத்தால் 1,000. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 32. எனவே ஒரு பக்கம் 32 சுற்று இருந்தால் மறு பக்கம் ஒரு சுற்று. வகுப்பில் படித்த வர்க்கமூலம் இரும்பும் செம்புமாக எங்கள் கையில் கனத்தது!

எழுத்துகள் சொல்லும் செய்தி

குழல்களின் தூசியை மெல்லத் துடைத்தபோது எழுத்துகள் தெரிந்தன. ஈ.எஃப். 86, ஈ.சி.சி. 83, ஈ.எல். 84 இரண்டு, ஈ.இசட். 81. இவை வெறும் குறிகள் அல்ல. ஐரோப்பிய முறைப்படி முதல் எழுத்தாகிய ‘ஈ’ என்றால் இழைக்கு 6.3 வோல்ட். ‘எஃப்’ என்றால் சிறிய ஒலியைப் பெருக்கும் ஐமுனை வால்வு. ‘சி’ என்றால் மும்முனை வால்வு. இரு ‘சி’ என்றால் ஒரே குழலுக்குள் அத்தகையவை இரண்டு. ‘எல்’ என்றால் ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றலுள்ள வால்வு. ‘இசட்’ என்றால் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்குவது. 80-ஐ ஒட்டிய எண்கள் ஒன்பது ஊசியுள்ள அடிப்பாகத்தைக் குறிக்கும்.

ஈ.எல். 84 இரண்டிலும் ‘பெல்’ என்ற முத்திரை இருந்தது. அது பெங்களூரில் 1954-இல் தொடங்கிய அரசு நிறுவனமாகிய பாரத் எலக்ட்ரானிக்ஸ். அங்கே 1961-இல் வானொலி வால்வுகள் செய்யத் தொடங்கினார்கள். ஆகவே அவ்விரு வால்வுகளும் அதற்கு முற்பட்டவை அல்ல. சகோதரியின் நினைவும் முத்திரையும் ஒத்துப்போயின. சரித்திரப் பாடத்தில் கல்வெட்டைக் கொண்டு காலம் கணிப்பது போன்ற மகிழ்ச்சி அன்று எங்களுக்கு.

உறவினர் யார்?

இந்த ஐந்து வால்வுகளின் வரிசையைக் கண்டவுடன் தாத்தா, "இது முல்லார்டு அஞ்சு-பத்து" என்றார். பிரிட்டனின் முல்லார்டு நிறுவனம் 1950-களில் வெளியிட்ட வரைபடம் அது. ஐந்து வால்வுகள், பத்து வாட் ஆற்றல்; ஆகவே அந்தப் பெயர். வீட்டில் இசைத்தட்டு கேட்பதற்கென வரைந்த அதைப் பின்பற்றிப் பல நாடுகளில் பலர் ஆம்ப்ளிஃபையர் செய்தனர்.

ஏறத்தாழ இதே வால்வுகளைக் கொண்டு இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டு நகரில் டாம் ஜென்னிங்ஸ் என்பாரின் நிறுவனத்தில் டிக் டென்னி என்பவர் கிடாருக்கென்றே ஓர் ஆம்ப்ளிஃபையர் அமைத்தார். 1958-இல் வெளிவந்த வாக்ஸ் ஏ.சி. 15 அதுவே. அடுத்து வந்த ஏ.சி. 30-இல் நான்கு ஈ.எல். 84 வால்வுகள். ஷாடோஸ் குழுவினரும் பீட்டில்ஸ் குழுவினரும் அதைக் கொண்டு உலகப் புகழ் பெற்றனர். அமெரிக்காவில் கிடார் ஆம்ப்ளிஃபையர்களுக்குப் பேர்போன லியோ ஃபெண்டர் தொடக்கத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில் 1960-களின் தொடக்கத்தில் கென் பிரான் முதலியோர் ஃபெண்டரின் சுற்றமைப்பைப் பார்த்துத் தாமே ஒன்றைச் செய்தனர். அதுவே மார்ஷல் என்னும் பெரும் பெயரின் தொடக்கம்.

நம் நாட்டில் அக்காலத்தில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கடுமை. வெளிநாட்டு ஆம்ப்ளிஃபையர் வாங்குவது சாமானியர் கனவிலும் இல்லை. தேவைப்பட்டவர்கள் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்துகொண்டனர். எங்கள் பெட்டியும் அப்படித்தான். தகட்டில் துளைகள் அரத்தால் ராவியவை. உள்ளே வால்வுகளின் அருகே பென்சிலால் எண்கள். சரிபார்த்த இடங்களில் சிறு சரிக்குறி. பெயரறியா அந்த மெக்கானிக்கும் ஃபெண்டரும் கென் பிரானும் தொழிலால் ஒரே குடும்பத்தார் அன்றோ?

பலகை போட்டுக்கொண்டது ஏன்?

இயற்பியல் ஆசிரியை சிரிக்காத காரணத்துக்கு இப்போது வருகிறோம். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற இளம் கிடார் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்ட மாத்திரத்தில் மின்சாரம் தாக்கி மாண்டார். எர்த் இணைப்பு சரியாக இல்லாததே காரணம்.

எங்கள் பெட்டியில் இருந்தது இரண்டு கம்பி ஒயர், எர்த் கிடையாது. அதோடு, ரேடியோ இரைச்சலைக் குறைக்க மின்கம்பி ஒன்றுக்கும் இரும்புத் தகட்டுக்கும் இடையே 0.05 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றையும் வைத்திருந்தனர். அக்காலத்தில் அது பல நாடுகளில் வழக்கம். கிடாரின் கம்பிகள் ஒயரின் மேலுறை வழியாக அதே தகட்டோடு இணைந்தவை. கணக்குப் போட்டோம்: 230 வோல்ட், 50 சுழற்சி, 0.05 மைக்ரோஃபாரட் என்றால் 3.6 மில்லி ஆம்பியர் கடக்கும். கண்டென்சர் நல்ல நிலையில் இருக்கும்போதே இவ்வளவு! ஒரு மில்லி ஆம்பியரே உடலுக்குத் தெரியும். சகோதரி சொன்ன ‘சுருக்’ இதுதான். அந்தக் கண்டென்சர் பழுதாகி முழுதும் இணைந்துவிட்டால் 230 வோல்ட்டும் கிடார் கம்பிக்கு வந்துவிடும். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கும் ஆபத்துக்கும் நடுவே இருந்தது ஒரு சிறு காகிதச் சுருள் மட்டுமே. கணக்கை முடித்தபோது எங்களில் எவருக்கும் பேச்சு வரவில்லை.

ஆகவே இந்த இடத்தில் பழமைக்கு இடம் கொடுக்கவில்லை. அந்தக் கண்டென்சரை அகற்றினோம். மூன்று கம்பி ஒயரும் மூன்று முனைப் பிளக்கும் பொருத்தி, எர்த் கம்பியைத் தகட்டில் திருகாணியால் முடுக்கினோம். ஃபியூஸ் ஒன்று சேர்த்தோம். இசை அறைக்கு மின்கசிவு கண்டால் தானே அணையும் ஸ்விட்சும் பள்ளி நிர்வாகம் வைத்துத் தந்தது. பழைய ஒயரை எறியவில்லை. சுருட்டி, சீட்டுக் கட்டி, பெட்டியின் உள்ளேயே தொங்கவிட்டோம்.

மாற்றியவையும் மாற்றாதவையும்

மற்ற பாகங்களுக்கு என்ன விதி? நாங்கள் சுற்றுலா சென்ற இரண்டு இடங்கள் வழிகாட்டின. ஒன்று மாமல்லபுரம் கடற்கரைக் கோயில். உப்புக் காற்று கல்லுக்குள் புகுந்து அதைப் பொடியாக்குகிறது. தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, உப்பை உறிஞ்சி எடுக்கின்றனர். சிதைந்த சிற்பத்துக்குப் புதிய முகம் செதுக்கி ஒட்டுவதில்லை. மற்றொன்று முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்திரா. பல ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பியுள்ளனர். இத்தகைய பணிகளுக்கென 1964-இல் வெனிஸ் நகரில் அறிஞர்கள் கூடி ஒரு சாசனம் வகுத்தனர். அதன் கருத்தில் எங்களுக்கு வேண்டியவை இரண்டு: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும், புதிதாகச் சேர்த்தது புதியது என்று தெரிய வேண்டும். மதரின் இரண்டாம் நிபந்தனையும் அதுவேதான்!

உப்புக் காற்று நம்மையும் விடுவதில்லை. கிழக்கே கடல், தெற்கே கேளம்பாக்கத்து உப்பளங்கள். தகட்டின் துருவை மெல்லிய தூரிகையால் அகற்றினோம். பென்சில் எழுத்து இருந்த பக்கத்தைத் தொடவே இல்லை. வால்வு ஊசிகளின் களிம்பைப் பேனா அழிக்கும் ரப்பரால் தேய்த்தெடுத்தோம். டிரான்ஸ்ஃபார்மர்களின் ஈரம் போக, அவற்றை ஒரு பெட்டிக்குள் வைத்து 60 வாட் பல்பின் வெப்பத்தில் ஒரு வாரம் உலர்த்தினோம்.

அடுத்தது ரெசிஸ்டர்கள், மொத்தம் 31. ஒவ்வொன்றின் மேலும் வண்ணக் கோடுகள். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரு கோடுகள் எண்கள். மூன்றாவது எத்தனை சுழியம் என்பது. மஞ்சள், ஊதா, மஞ்சள் என்றால் 4,70,000 ஓம். அந்த ஒன்றை அளந்தபோது 6,40,000 காட்டியது. கரியால் செய்த ரெசிஸ்டர்கள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் காலப்போக்கில் இப்படி ஏறிவிடும். 20 விழுக்காட்டுக்கு மேல் மாறிய ஒன்பதை மட்டும் அதே அளவுள்ள கரி ரெசிஸ்டர்களால் மாற்றினோம். மற்ற 22-ம் தத்தம் இடத்திலேயே உள்ளன.

கண்டென்சர்கள் வேறு கதை. மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சர்கள் நேர்மின்சாரத்தைத் தடுத்து, ஒலியை மட்டும் விட வேண்டும். தாத்தா வெளியீட்டு வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு அவற்றின் கிரிட் முனையில் மீட்டரை வைத்தார். சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 20 வோல்ட்! அப்படியே வால்வைச் செருகியிருந்தால் மடை முழுதும் திறந்ததுபோல் மின்சாரம் பாய்ந்து, பிளேட் பழுக்கச் சிவந்து, வால்வு அழிந்திருக்கும். காகிதக் கண்டென்சர் அனைத்தையும் மாற்றினோம். பழைய அட்டைக் கூடுகளைக் கவனமாகக் காலி செய்து, இக்காலத்துச் சிறிய கண்டென்சரை உள்ளே வைத்து மெழுகால் மூடினோம். பார்வைக்குப் பழையது; ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் ‘உள்ளே புதியது’ என்று ஆண்டோடு எழுதியிருக்கிறோம். மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய அலுமினியக் கண்டென்சர் தகட்டின்மேல் அதே இடத்தில் நிற்கிறது, இணைப்பு இல்லை. வேலை செய்பவை அடியில் உள்ளன.

வால்வுகளில் ஒன்றே கெட்டது. கண்ணாடியின் உட்புறம் வெள்ளிபோல் மின்னும் பூச்சு ஒன்று உண்டு. மீந்த காற்றை உறிஞ்ச வைத்தது அது. கண்ணாடி கீறிக் காற்று புகுந்தால் அது பால்வெண்மை ஆகிவிடும். எங்கள் ஈ.இசட். 81 அப்படி வெளுத்திருந்தது. ஈ.எல். 84, ஈ.சி.சி. 83 போன்றவற்றை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் பின்னாளிலும் தொடர்ந்து செய்து வந்துள்ளனர். எங்களுக்கு வேண்டியதைத் தேடிச் சென்னை ரிச்சி தெரு முழுதும் அலைந்தோம். வெறுங்கையோடு திரும்பியபோது தாத்தா தம் தகரப் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். "எதுக்காவது ஆகும்னு வச்சிருந்தேன்" என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டோம். "ரிச்சி தெருவைப் பார்க்க வேணாமா நீங்க?" என்றார்!

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. மெல்லிய டிஷ்யூ காகிதத்தை நீர்த்த பசையில் தோய்த்து இருபுறமும் ஒட்டினோம். கிழிசல் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டோம்.

நாங்கள் திருத்த இருந்த ‘பிழை’

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பெரிய பாடம் புகட்டியது ஒரு வெற்றிடம். முல்லார்டு வரைபடத்தில் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து முதல் நிலைக்கு ஒரு கம்பி திரும்பி வரும். வெளியேறும் ஒலியில் ஒரு சிறு பகுதியை எதிராகத் திருப்பிக் கொடுத்தால் திரிபு குறைந்து ஒலி தூய்மையாகும். எங்கள் பெட்டியில் அந்தக் கம்பி இல்லை. ‘மெக்கானிக் மறந்துவிட்டார்’ என்று தீர்மானித்து, அதைச் சேர்க்க ரெசிஸ்டரும் வாங்கி வந்துவிட்டோம்.

தாத்தா தடுத்தார். "அந்த முனையைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. அங்க எப்பவாவது ஈயம் பட்டிருக்கா?" என்றார். பார்த்தோம். பட்டிருக்கவில்லை. கழன்று விழுந்ததன்று, வைக்கவே இல்லை. ஆனால் அதே மனிதர் ஈ.எஃப். 86 வால்வு ஸ்பீக்கரின் அதிர்ச்சியில் ‘கிண்’ என்று ஒலிக்காதிருக்க அதன் அடியில் ரப்பர் வளையம் கொடுத்திருந்தார். அவ்வளவு கவனமுள்ளவர் இதை மறந்திருப்பாரா?

பிறகு வாக்ஸ் ஏ.சி. 15-இன் சுற்றமைப்பைத் தேடிப் பார்த்தோம். அதிலும் அத்தகைய கம்பி இல்லை! இசைத்தட்டைக் கேட்கும் பெட்டிக்குத் திரிபு குற்றம். கிடார் பெட்டிக்கு அது குணம். கம்பியை வலிந்து மீட்டும்போது வால்வு தன் எல்லையைத் தொட்டு, ஒலி அலையின் முனையைச் சற்றே மழுக்குகிறது. கேட்பவர் ‘கனிந்த நாதம்’ என்பது அதைத்தான். ஆகவே பிழை மெக்கானிக்குடையது அன்று. அவர் எதற்காகச் செய்தார் என்று கேளாமல் திருத்தப் புகுந்த எங்களுடையது. ரெசிஸ்டர் ஆய்வகத்துக்குப் போயிற்று. நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

பெயர்ப்பலகையின் இடத்திலும் இதே சோதனை. வாக்ஸ் என்று பொறித்த பலகை ஒன்றை மாட்டி, வைர வடிவத் துணியும் ஒட்டினால் எவ்வளவு அழகாயிருக்கும்! ஆசை இருந்தது. ஆனால் அது வாக்ஸ் அன்றே! இரண்டு ஆணித் துளைகளையும் அப்படியே விட்டோம். முன்துணிக்குப் பழைய துணியின் ஓரத்தில் மிஞ்சிய நிறத்தைப் பார்த்து அதற்கொத்த பழுப்புத் துணி வாங்கினோம்.

பாடிய நாள்

இறுதிச் சோதனை நாளில் தாத்தா ஒரு மரப்பலகையில் பல்பு பொருத்திக் கொண்டுவந்தார். சீரீஸ் பல்பு என்பார்கள். மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகத்தான் பெட்டிக்குள் போகும். உள்ளே எங்கேனும் பழுது இருந்தால் பல்பு பளிச்சென எரியும், பெட்டி தப்பும். ஸ்விட்சைப் போட்டார். பல்பு ஒருமுறை ஒளிர்ந்து மங்கிற்று. வால்வுகளில் மெல்லச் செந்நிறம் படர்ந்தது. எங்களில் ஒருத்தி கையைக் கூப்பிவிட்டாள்.

பல்பை நீக்கிய பின், ஈ.எல். 84-இன் கேத்தோடில் உள்ள 270 ஓம் ரெசிஸ்டரின் மேல் 11 வோல்ட் இருப்பதாகத் தாத்தா அளந்து சொன்னார். 11-ஐ 270-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.040 ஆம்பியர். வால்வுக்கு இடையே 285 வோல்ட்; பெருக்கினால் 11 வாட்டுக்குச் சற்று மேல். அதிலும் ஒரு பகுதி வேறு முனைக்குப் போகிறது. பிளேட் தாங்கும் எல்லை 12 வாட். ஓம் விதியைத் தேர்வுக்காக எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அன்றுதான் அது மெய் என்று நம்பினோம்.

மூத்த சகோதரியை அழைத்து நாற்காலியில் அமர்த்தி, கிடாரைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர் குனிந்து தரையைப் பார்த்தார். "பலகை எங்கே?" என்றார்.

"வேண்டாம் சிஸ்டர். இனிமேல் கடிக்காது" என்றோம்.

நம்பாமல் ஒரு விரலால் கம்பியைத் தொட்டார். பின்பு முழுக் கையால். அதன்பின் அவர் வாசித்த பாடலைக் கேட்க வகுப்பறைகளிலிருந்து பிள்ளைகள் வந்து வாயிலில் நின்றுவிட்டனர். பத்து வாட் ஒலி எங்கள் இசை அறைக்குப் போதும் போதும் என்று இருந்தது.

பெட்டியின் உள்ளே உறை ஒன்று ஒட்டியிருக்கிறோம். கழற்றிய ஒன்பது ரெசிஸ்டர்களும், எதை எப்போது மாற்றினோம் என்ற பட்டியலும் அதில் உள்ளன. ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்தப் பள்ளியில் பயிலப் போகும் தங்கையரே, நீங்கள் பெட்டியைத் திறக்கும்போது எது அந்த மெக்கானிக் செய்தது, எது நாங்கள் செய்தது என்று தேடித் தவிக்க வேண்டாம். நாங்கள் தவறு செய்திருந்தால் திருத்துங்கள். ஆனால் திருத்துமுன் ஏன் என்று கேளுங்கள்.

இன்றைய வாசகியருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பாட்டனார் காலத்து வால்வு ரேடியோ இருந்தால் ஆவலில் பிளக்கைச் செருகிவிடாதீர்கள். அணைத்த பின்பும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். விவரம் அறிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அப்படிப்பட்டவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய தகரப் பெட்டிகளில் செய்தித்தாளில் சுற்றி வைத்தவை பல உண்டு.